மனசில் பட்ட அடிக்கு விரலால் தட்டும் முறை உதவுமா?



குடும்ப நலம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி, கர்ப்பிணிக்குச் சத்துணவு என்றே நம் எண்ணம் ஓடுகிறது. இவை எல்லாம் உடம்பைப் பற்றியவை. கணவன் மனைவி இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இராது. வீட்டில் அரிசியும் இருக்கும், கையில் நாலு காசும் இருக்கும். அப்படியிருந்தும் அந்தக் குடும்பம் நலமாக இல்லாமல் போவது உண்டு. அதற்கான ஒரு காரணத்தை இந்தத் துண்டுப் பிரசுரத்தில் சொல்லப் போகிறேன். இப்போதெல்லாம் கூட்டம் போடுகிற ஊர்களில் தாய்மார்கள் என்னிடம் கேட்கிற ஒரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. "செல்போன்ல காட்டுறாங்களே, முகத்துல விரலால தட்டிக்கிட்டா மனசுல இருக்கிற பயம் போயிடுமாம். அது நெசமாங்க?"

நிஜமா பொய்யா என்பதற்கு முன்னால், எது சாதாரணப் பயம், எது வியாதி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பயம் எப்போது வியாதி ஆகிறது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நம் கடற்கரையில் சுனாமி அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி, கடலூரில் தேவனாம்பட்டினம், குமரியில் கொளச்சல் என்று ஊர் ஊராக இழவு. நாலு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வரும் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. கரையோர ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை யாரும் கேலி செய்ய முடியாது. நெருப்பில் சுட்டவனுக்கு மின்மினியும் நெருப்புத்தான்.

இப்படிப்பட்ட பயம் இயற்கை. தூக்கம் கெடும், சோறு இறங்காது, காதில் அந்தச் சத்தமே கேட்கும். பெரும்பாலோருக்கு நாலைந்து வாரத்தில் இது கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்படும். சொந்தபந்தம் கூட இருந்து, வேலைவெட்டி தொடங்கிவிட்டால் சீக்கிரமே மட்டுப்படும்.

சிலருக்கு மட்டுப்படுவதில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி கண்ணெதிரே திரும்பத் திரும்ப வருகிறது. கனவில் வந்து எழுப்புகிறது. அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளத் தோன்றுகிறது. கதவு அடித்தால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. யார் மேலும் ஒட்டுதல் இல்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். இதைத்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தது. பெயர்தான் புதிது, நோய் பழசு. நம் ஊரில் "பயந்த கோளாறு", "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டியவர்களில் பலருக்கு இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சுனாமி போன்ற பெரிய சம்பவம்தான் காரணமாக வேண்டும் என்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறிய இரவு, கூரை பறந்த வீட்டில் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வரலாம். பட்டாசு ஆலை வெடிவிபத்து, பஸ் விபத்து, தீ, கற்பழிப்பு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, இவற்றில் சிக்கியவர்களுக்கும் வரலாம். நம் துறைக்கு நேரடியாகப் பட்ட ஒன்றும் உண்டு: கஷ்டப் பிரசவம். ரத்தப்போக்கில் உயிர் போய் வந்தவள், பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்தவள், அடுத்த கர்ப்பம் என்ற பேச்சை எடுத்தாலே நடுங்குவாள். ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்க மாட்டாள். அவளைப் "பிடிவாதக்காரி" என்று நினைத்துவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நூறு பேரில் எழுபது பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இத்தகைய பயங்கரத்தைச் சந்திக்கிறார்கள். வியாதியாக முற்றுவது நூற்றுக்கு நாலு பேருக்குத்தான். ஆகவே பயங்கரத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வந்தவரைக் கோழை என்றும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் கடல் தொழில் செய்பவர். மனைவி கூடை சுமந்து மீன் விற்பவள். அலையில் ஒரு பிள்ளை போய்விட்டது. ஆறு மாதம் ஆகியும் அவர் படகு ஏறவில்லை. வலையைத் தொட்டாலே வியர்க்கிறது. இதை வெளியில் சொல்ல வெட்கம்.

"ஏங்க, பக்கத்து வூட்டு ஆளுங்க எல்லாம் போயாச்சு. நீங்க திண்ணையிலயே குந்தியிருந்தா எப்படி?"

"போறேன் புள்ள. நாளைக்குப் போறேன்."

அந்த நாளை வரவே இல்லை. சோம்பேறி ஆகிவிட்டார் என்று அவள் நினைக்கிறாள். இரவில் அவர் கை மேலே பட்டால் அவள் திடுக்கிட்டு உதறுகிறாள். பிள்ளையின் கை தன் பிடியிலிருந்து நழுவிய அந்த நொடி அவளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. 'பிள்ளையைக் காப்பாத்தலைன்னு என்னை வெறுக்கிறா' என்று அவர் நினைக்கிறார். பாட்டில் வாங்குகிறார். ஒருவரையொருவர் வெறுக்கிற மாதிரி ஊருக்குத் தெரிகிறது. உண்மையில் இருவருக்கும் ஒரே அடி, அது வேறு வேறு இடத்தில் வலிக்கிறது. படுக்கை தனித்தனி ஆவது, குடி, கை ஓங்குவது, சமயத்தில் பிரிந்து போவது, எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.

சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்துதர முன்வந்தது. நல்ல காரியம். பலர் வீட்டில் மறுபடி தொட்டில் ஆடியது. ஆனால் "இன்னொண்ணு பொறந்தா எல்லாம் மறந்து போயிடும்" என்று சுற்றத்தார் சொன்னார்களே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. பிறந்த குழந்தை தன் சொந்த வாழ்க்கையை வாழ வந்தது. போன குழந்தையின் இடத்தை நிரப்பும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றக் கூடாது. அம்மாவின் காயத்துக்கு வைத்தியம் தனியாகப் பார்க்க வேண்டும்.

மற்ற நினைவுகளெல்லாம் பழசாகிப் பரண் மேல் ஏறிவிடுகின்றன. இந்த ஒரு நினைவு மட்டும் ஏறாமல் நடுக்கூடத்திலேயே கிடக்கிறது. போகிற வருகிறபோதெல்லாம் காலில் இடறுகிறது. இடறும்போது உடம்பு "இப்பவே ஆபத்து" என்று நம்பி, நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க, ஓடவோ அடிக்கவோ தயாராகிறது. புத்திக்கு ஆபத்து இல்லை என்று தெரியும், உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் "தைரியமா இரு" என்று எவ்வளவு புத்திமதி சொன்னாலும் பலிப்பதில்லை.

சரி, விரலால் தட்டும் முறை என்ன?

படபடக்கும் உடம்பைச் சமாதானப்படுத்தும் வழிகளில் ஒன்றாகத்தான் இந்த முறை பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ரோஜர் கல்லஹன் என்ற உளவியலாளர் 1980-களில் இதைத் தொடங்கினார். 1990-களில் பொறியியல் படித்த கேரி கிரெய்க் என்பவர் யாரும் செய்யக்கூடியபடி சுருக்கினார். உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் உண்டு, அதில் அடைப்பு ஏற்பட்டால் மனசு கெடும், தட்டினால் அடைப்பு நீங்கும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். சீன ஊசி வைத்தியத்திலிருந்து எடுத்த கருத்து. இதற்கு ஆதாரம் இல்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். 2003-ல் கனடாவில் பயம் உள்ள கல்லூரி மாணவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். குறிப்பிட்ட இடங்களில் தட்டியவர்களுக்குப் பயம் குறைந்தது. வேறு ஏதோ இடங்களில் தட்டியவர்களுக்கும் குறைந்தது. ஒரு பொம்மையின் மேல் தட்டியவர்களுக்கும் குறைந்தது! ஒன்றும் செய்யாதவர்களுக்குத்தான் குறையவில்லை. ஆகவே மகிமை அந்த இடங்களில் இல்லை.

பிறகு எதில் இருக்கிறது? பயத்தை ஒளிக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஒரேயடியாக இல்லாமல் சிறிது சிறிதாக அதை நினைக்கிறோம். நினைக்கும்போதே கை ஒரு தாளத்தில் வேலை செய்கிறது, மூச்சு நிதானப்படுகிறது, கவனம் அலையிலிருந்து விரலுக்கு வருகிறது. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக் கொடுக்கிறோமே, நம் பாட்டிமாருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்த முறையால் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் போர் முனையிலிருந்து வந்த 59 முன்னாள் ராணுவத்தினரிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஆறு முறை பயிற்சி பெற்றவர்களுக்கு நோயின் வேகம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அவர்களை ஒப்பிட்டது, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு. நடத்தியவர்களும் இந்த முறையில் ஏற்கனவே நம்பிக்கை வைத்திருந்தவர்கள். அதே 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் பேச்சுச் சிகிச்சையும், கண் அசைவுச் சிகிச்சையும் சிபாரிசு செய்யப்பட்டன. தட்டும் முறை அதில் இல்லை.

எனவே என் அபிப்பிராயம் இது. இதைக் காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணியைப் போல வைத்துக்கொள்ளுங்கள். சூடு தணியும்; அந்த நேரத்துக்கு நிம்மதி. காய்ச்சலுக்கு மருந்து வேறு.

செய்யும் விதம்

மனசு அமைதியாக இருக்கும் ஒரு சாயங்கால நேரத்தில் முதலில் பழகுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். நடந்ததிலேயே மிகக் கொடுமையான காட்சியைத் தொட வேண்டாம். சின்னதாக ஒன்றை எடுங்கள். உதாரணமாக, வலையைப் பார்த்தால் வரும் நடுக்கம், அல்லது ஆஸ்பத்திரி மருந்து வாசனை. அது எவ்வளவு வருத்துகிறது என்று உங்களுக்குள்ளேயே பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுங்கள். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. ஏழுக்கு மேல் போனால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு இன்னும் சின்னதை எடுங்கள்.

ஒரு கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை, மறு கையின் விரல் நுனிகளால் மெதுவாகத் தட்டிக்கொண்டே மூன்று தடவை சொல்லுங்கள்: "வலையப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் என்னை நான் வெறுக்க மாட்டேன். இப்ப நான் என் வீட்ல இருக்கேன்." வார்த்தை இப்படியேதான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வாயில் வரும் பேச்சிலேயே சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு தடவை, கதவைத் தட்டுவது போல் அல்ல, பழுத்த மாம்பழத்தைத் தொட்டுப் பார்ப்பது போல். புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழே எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவே உள்ள பள்ளம், காறை எலும்புக்குக் கீழே, அக்குளுக்கு நாலு விரல் கீழே, கடைசியில் உச்சந்தலை. தட்டும்போது "இந்தப் பயம்... இந்த நடுக்கம்" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். முடிந்ததும் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். மறுபடி மார்க் போடுங்கள். இரண்டு மூன்று சுற்று செய்யலாம். வரிசை மாறினால் குற்றமில்லை. முன்னே சொன்ன பொம்மையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் தட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. மெக்சிகோவில் அகபுல்கோ என்ற கடலோர ஊரை 1997-ல் புயல் தாக்கியது. அங்கே பிழைத்த பிள்ளைகளுக்காக லூசினா அர்டிகாஸ் என்ற பெண்மணி உண்டாக்கியது இது. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, விரல் நுனிகள் எதிர்ப் பக்கக் காறை எலும்பின் கீழே படும்படி, இடது வலது என்று மாறி மாறி மெதுவாகத் தட்ட வேண்டும். பட்டாம்பூச்சி இறக்கை அசைப்பது போல் இருக்கும். பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள். இதுவும் கண் அசைவுச் சிகிச்சை செய்பவர்களிடமிருந்து வந்ததுதான்.

தட்டும்போது பயம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது இருக்கும் இடமே மறந்து அந்தச் சம்பவத்துக்குள் போய்விட்டது போல் இருந்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். கண்ணைத் திறந்து, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்: உரல், விளக்கு, கொடியில் கிடக்கும் துண்டு, இப்படி. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள். அன்றைக்கு அதோடு போதும். இனி மனநல மருத்துவர் துணையோடுதான் அதைத் தொட வேண்டும்.

துணைவர் என்ன செய்ய வேண்டும்?

பக்கத்தில் உட்கார வேண்டும். தன் உடம்பில் தானும் கூடவே தட்டலாம். மனைவியின் முகத்தில் கணவரோ, கணவர் முகத்தில் மனைவியோ தட்ட வேண்டாம். தொடுவதுதான் பலருக்குப் பயத்தின் வாசல். "கையப் புடிச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபப்படாதீர்கள். இரவுக்கும் இதே சட்டம்தான். மனைவி விலகினால் அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று முடிவு கட்டாதீர்கள். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்று ஒரு கணவர் சொல்லிவிட்டால், பாதி நடுக்கம் அங்கேயே நின்றுபோகும். மனைவிமாருக்கும் சொல்கிறேன்: ஆம்பளைக்குப் பயம் வரக் கூடாதா என்ன? பத்துப் பேர் மத்தியில் குத்திக் காட்டாதீர்கள்.

"என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு" என்று தோண்டித் துருவ வேண்டாம். தானாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொன்னதை அக்கா தங்கச்சியிடம் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

பயத்துக்குக் காரணமே துணைவரின் அடி உதை என்றால் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

குடி தூக்கத்தைக் கொடுக்கிற மாதிரி காட்டி, நடுராத்திரியில் எழுப்பிவிடும். கெட்ட கனவுக்கு அது மருந்தாகாது. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்; டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் வேண்டாம். அது பழகிவிடும், இந்த நோயையும் தீர்க்காது. "ஒரே நாளில் குணம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தட்டும் வகுப்புகளுக்கும் போக வேண்டாம். தட்டுவதற்கு உங்கள் விரல் போதும், அது இலவசம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், தொழில், சமையல், பிள்ளை கவனிப்பு எதுவும் நேராகவில்லை என்றால் போக வேண்டும். வருஷம் பல ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இருபது வருஷத்துக்குப் பிறகும் சிகிச்சை பலன் தரும். பேச்சுச் சிகிச்சையில் வாரம் ஒரு தடவை என்று சில வாரம் போய் வர வேண்டியிருக்கும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தம்பதியாகச் சேர்ந்தே போவது நல்லது. டாக்டர் உங்கள் துணைவரிடம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள்.

"செத்துப் போயிட்டா தேவலை" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, கயிறு, மண்ணெண்ணெய் இவற்றை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நெஞ்சு வலி, இடது கை வலி, மயக்கம் வந்தால் அதைப் பயம்தான் என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பகுதி மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்கலாம். நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். பேசும்போது ஊர் பேர் சொல்லக் கூச்சமாக இருந்தால், என்ன கஷ்டம், எத்தனை நாளாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்.